சரமும் மாறியும்



1995-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார், ஏறத்தாழப் பத்தே நாட்களில் ஒரு கணிப்பொறி மொழிக்கு முதல் வடிவம் தந்தார். அதுவே பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர் பெற்றது. அம்மொழியைக் கற்கப் புகுவோர் தொடக்கத்திலேயே சந்திக்கும் இரண்டைப் பற்றி இன்று சிந்திப்போம். ஒன்று சரம், மற்றொன்று மாறி.

பூக்களை நாரில் தொடுப்பதுபோல் எழுத்துகளை வரிசையாகக் கோத்து, இருபுறமும் மேற்கோட்குறி இட்டால் அது சரம். அந்தச் சரத்தை அழைப்பதற்கு நாம் வைக்கும் பெயரே மாறி. ‘லெட்’ என்னும் சொல்லால் அறிவித்த பெயரைப் பின்னர் வேறொரு மதிப்புக்கு உரியதாக்கலாம். ‘கான்ஸ்ட்’ என்னும் சொல்லால் அறிவித்த பெயரை அங்ஙனம் மாற்றுதல் இயலாது. இவ்விரு சொற்களும் 2015-இல் வெளிவந்த தரவரையறையில் இடம்பெற்றவை.

சரங்களைக் கொண்டு செய்யத்தக்க பணிகள் பல மொழியிலேயே அமைந்துள்ளன. அவற்றை முறைகள் என்பர். ‘ட்ரிம்’ என்னும் முறை சரத்தின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தை நீக்கித் தரும். ‘தரும்’ என்ற சொல்லை ஊன்றிக் கவனியுங்கள். புதியவர்கள் இடறுவது இவ்விடத்திலேதான்.

‘பெயர்’ என்னும் மாறிக்கு உரிய சரம் ‘வள்ளி’; அதன் இறுதியில் தவறுதலாக ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் ட்ரிம் முறையை ஏவுகிறோம். பிறகு பார்த்தால், இடைவெளி இருந்த இடத்திலேயே இருக்கிறது! காரணம் யாது? இம்மொழியில் ஒரு சரம் தோன்றிய பின் மாறுவதே இல்லை. முறையானது பழைய சரத்தைத் தொடாமல், புதிய சரம் ஒன்றை ஆக்கி நம்மிடம் நீட்டுகிறது. அதை வாங்கிக்கொள்ள ஒரு பெயர் வேண்டாமா? இடப்புறம் ‘பெயர்’ என்றும், நடுவே சமக்குறியும், வலப்புறம் ட்ரிம் முறையையும் எழுதினால், புதிய சரம் அப்பெயருக்கு உரியதாகிவிடும். பெயரைக் ‘கான்ஸ்ட்’ என்று அறிவித்திருந்தால், புதிய சரத்திற்கு வேறு பெயர் இடவேண்டும்.

இது அற்ப நுணுக்கம் அன்று. இடைவெளியுள்ள வள்ளியும் இடைவெளியற்ற வள்ளியும் கணிப்பொறிக்கு இருவேறு சரங்கள். தேர்வு முடிவுப் பட்டியலில் தேடும் நிரல், “அப்பெயர் இல்லை” என்று கூறிவிடும். கலங்குபவள் மாணவி அன்றோ?

தமிழ் எழுதும் நமக்கு இன்னொரு கவனமும் தேவை. ‘லெங்த்’ என்னும் பண்பு ஒரு சரத்தின் நீளத்தைக் கூறும். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று என்பது நம் இலக்கணம். லெங்த் கூறும் விடையோ ஐந்து! யூனிகோடு முறையில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்தும் தனித்தனிக் குறியீடுகள். லெங்த் எண்ணுவது அவற்றையே. ஆதலால் ‘கோபால்’ என்னும் பெயரின் முதற்குறியை மட்டும் எடுத்துத் தலைப்பெழுத்து ஆக்கினால், ‘கோ’ என்று வரவேண்டிய இடத்தில் ‘க’ என்று நிற்கும். காமாட்சிக்கும் கிருஷ்ணனுக்கும் அதே ‘க’தான்! எழுத்தைச் சிதைக்காமல் பிரிப்பதற்கு ‘இன்ட்ல் செக்மென்டர்’ என்னும் கருவி இம்மொழியில் உண்டு. அது ‘தமிழ்’ என்பதை மூன்றாகவே பிரித்துத் தரும்.

ஆகவே, எந்த முறையைக் கையாளும்போதும் இரண்டு வினாக்களை எழுப்புங்கள்: இது எதைத் தருகிறது? தந்ததை எந்தப் பெயர் ஏற்றுக்கொண்டது? இணைய உலாவியிலேயே இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் பெயரைத் தமிழில் எழுதி, அதன் நீளம் எத்தனை என்று கேளுங்கள். வரும் விடைக்குக் காரணத்தை நீங்களே கண்டு சொல்வீர்கள்.