பெயர் வைக்க யாருக்கு உரிமை?



கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கசஸ் மலைநாட்டில் ஒரு ஜன சமூகம் உண்டு. அவர்கள் தங்களை "அடிகே" என்றே சொல்லிக் கொள்ளுகிறார்கள். ஆனால் துருக்கியரும் ரஷ்யரும் அவர்களைச் "செர்கெஸ்" என்றார்கள். ஆங்கிலப் புத்தகங்களோ "சர்க்காசியர்" என்றன.

ஜார் அரசாங்கம் 1864-ல் யுத்தத்தில் ஜெயித்து, அவர்களில் பெரும்பாலோரைத் துருக்கி சாம்ராஜ்யத்திற்குத் துரத்திற்று. பசியாலும் நோயாலும் மாண்டவர்கள் ஏராளம். மிஞ்சினவர்களைப் பிறகு வந்த சோவியத் அரசாங்கத்தார் அடிகேயர், செர்கெஸியர், கபர்தியர் என்று தனித்தனி இனத்தாராகக் கணக்கெழுதினார்கள். ரஷ்யர் சொன்ன "அடிகேய்" என்பது மேற்குப் பகுதியாருக்கு மட்டும் என்றாயிற்று. ஆங்கிலமும் அதையே வாங்கிக் கொண்டது. வீட்டில் எல்லோருக்கும் பொதுவான பெயர், ஏட்டில் ஒரு பகுதியாருக்கு மட்டும் சொந்தமாய் விட்டது!

நிற்க, அவர்கள் பாஷையின் கதி என்ன? ஐம்பதுக்கு மேற்பட்ட மெய்யொலிகளுள்ள அப்பாஷைக்கு இருந்த அரபு எழுத்தை நீக்கி 1927-ல் லத்தீன் எழுத்தையும், அதையும் நீக்கி 1938-ல் ரஷ்ய எழுத்தையும் புகுத்தினார்கள். துருக்கிக்குப் போனவர்களோ, 1934-ம் வருஷத்துச் சட்டப்படி துருக்கிக் குடும்பப் பெயர்களையே சூட்டிக் கொள்ள நேர்ந்தது.

நாம் கேட்கிறோம்: இதில் கடவுள் கட்டளை எங்கே? தலைவிதி எங்கே? எல்லாம் அதிகாரத்திலிருந்தவர்கள் பேனா செய்த வேலையே! மனிதன் எழுதினதை மனிதன் திருத்தலாம். 2021-ல் ரஷ்யாவில் ஜனக்கணக்கு எடுத்தபோது, "எல்லோரும் ஒரே பெயரையே எழுதுங்கள்" என்று அவர்களுக்குள்ளேயே பிரசாரம் நடந்தது. தன்னை இன்னான் என்று தானே சொல்லத் துணிவதுதான் சுயமரியாதையின் முதற்படி என்பது நமது அபிப்பிராயம்.