தோட்டத்துச் சொல்லும் தொழிற்பேட்டைச் சொல்லும்: மலாக்காத் தமிழர் தொழில் மாற்றம் குறித்து ஒரு மொழியியல் நோக்கு



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வட்டாரப் பொருளியலும் தொழில் மாற்றமும். மொழியியலில் வாழ்நாளைக் கழித்தவருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். ஒருவர் என்ன வேலை செய்கிறார், எவ்வளவு கூலி பெறுகிறார், யாரோடு சேர்ந்து உழைக்கிறார் என்று பொருளியலார் கேட்கின்றனர். அவ்வேலையை அவர் எந்தச் சொல்லால் வழங்குகிறார் என்று நாம் கேட்கிறோம். மலாக்காவில் இரு சாராரும் ஒரே குடும்பத்தின் வாசலில்தான் நின்றிருக்கின்றனர். ஆனால் ஒருவர் ஏட்டை மற்றவர் வாசிக்கவில்லை. அதனால் நேர்ந்த இழப்பைப் பற்றியே இவ்வுரை.

1. இரண்டு ஆய்வாளர்கள்

மலாயாவில் இந்தியர் குடியேறிய வரலாற்றை எண்களாலும் நிலப்படங்களாலும் முதன்முதல் விரிவாக நிறுவியவருள் தலையாயவர் கெர்னியல் சிங் சந்து. புவியியல் பேராசிரியரான அவர், 1786 முதல் 1957 வரை இந்தியர் வந்ததையும் குடியமர்ந்ததையும் ஆராய்ந்து எழுதிய நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 1969இல் வெளியிட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்ததும், கங்காணி முறை ஓங்கியதும், 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் புறப்பாட்டைத் தடைசெய்ததும் நாம் பாடநூலில் படிக்கும் செய்திகள். அவற்றின் பின்னுள்ள மக்கள் பெருக்கை அந்நூலில் அளவோடு காணலாம். 1972 முதல் 1992 வரை சிங்கப்பூரில் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தின் இயக்குநராக இருந்த காலத்தில், பால் வீட்லியுடன் இணைந்து மலாக்காவைப் பற்றி இரு பெருந்தொகுதிகளைப் பதிப்பித்தார். அவை 1983இல் வெளிவந்தன. நாடு முழுவதையும் அளந்த ஆய்வாளர், ஒரு நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் அணுகிப் பார்க்கும் நிலைக்கு வந்தார் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

மற்றொருவர் அரசப் பேராசிரியர் உங்கு அஜீஸ். 1968 முதல் 1988 வரை மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவர். டேவான் பகாசா நிறுவனத்தின் தொடக்க நாள்களில் அதன் தலைமையையும் ஏற்றிருந்தவர். ஒரு வீட்டின் வறுமையை அறிய, அவ்வீட்டில் எத்தனைக் கைலிகள் உள்ளன, எத்தனை பேர் உள்ளனர் என்று எண்ணச் சொன்னவர் அவர். 1951 முதல் 1960 வரை மலாயாவில் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து அவர் அளித்த அறிக்கை, நம் தொழிலாளர் வரலாற்றில் மறக்கக்கூடாத ஆவணம். பெருந்தோட்டத்தை ஒருவர் வாங்கிச் சிறுசிறு துண்டுகளாக விற்றபோது, துண்டை வாங்கியவர்க்கு லயன் வீடு, மருந்தகம், பள்ளி ஆகியவற்றைப் பேணும் தேவை இருக்கவில்லை. வேலையோடு வீடும் போயிற்று. இந்நிலைக்கு விடையாகவே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு பெற்றனர்.

2. மலாக்காவின் நிலை

மலாயாவில் வாணிக நோக்கில் முதல் ரப்பர் தோட்டம் எழுந்தது மலாக்காவில்தான். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் கன்று நட்டார். பின்னர் ஜாசின், அலோர்காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பரவின; தமிழர் குடியிருப்புகளும் பரவின.

1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் பத்து பெரண்டாமிலும் தஞ்சோங் கிளிங்கிலும் சுதந்திர வாணிக வட்டாரங்கள் அமைந்தன. மின்னணுத் தொழிற்சாலைகளின் பேருந்துகள் தோட்டத்து வாசல் வரை வந்து இளம்பெண்களை ஏற்றிச் சென்றன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஏக்கருக்குத் தேவைப்படும் ஆள்கள் குறைவு. நகரை அடுத்த நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. இன்று சில தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மட்டுமே தோட்டம் நிற்கிறது.

3. நம் களப்பணி ஏடு

1980களின் தொடக்கத்தில் ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பேச்சுத்தமிழ் ஆய்வுக்காகச் சொல் திரட்டினோம். பால் வெட்டும் மூதாட்டி ஒருவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். நிரை, மங்கு, உளி, ஒட்டுப்பால், பெரட்டு, தண்டல், கிராணி என ஏடு நிறைந்தது. 'நிரை' என்ற சொல்லுக்குப் பொருள் கூறும்போது, தமக்கு எத்தனை மரம் ஒதுக்கினார்கள், மழை நாளில் கூலி என்னவாகும், மகன் ஏன் படிப்பை நிறுத்தினான் என்று அவர் சொல்லத் தொடங்கினார். நமக்கு வேண்டியது உயிரொலியின் நீளம். "சரிங்கம்மா, அடுத்த சொல்" என்றோம். அவரும் தடையின்றி அடுத்த சொல்லுக்கு வந்தார்.

அவ்வேடு இன்றும் நம்மிடம் உள்ளது. ஒலிக்குறிப்புகள் பழுதின்றி இருக்கின்றன. கூலி, ஆண்டு, மரக்கணக்கு ஏதும் இல்லை. பொருளியலார் ஒருவர் கேட்டால் கொடுக்க அதில் ஒன்றுமில்லை. அம்மூதாட்டி இப்போது இல்லை.

4. ஒரே சொல், இரு வரவு

பல ஆண்டுகள் கழித்து அவர்தம் பேத்தியைச் சந்தித்தோம்; பத்து பெரண்டாமில் வேலை. தம் நாளைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன வாக்கியம் இது: "மார்னிங் ஷிப்டு முடிஞ்சு ஓவர்டைம் போட்டா லைன் லீடர்கிட்ட சொல்லணும் சார்." பெயர்ச்சொற்கள் யாவும் ஆங்கிலம், வினைகளும் வேற்றுமை உருபும் தமிழ்.

பாட்டி பேசியது தூய தமிழ், பேத்தி பேசுவது கலப்பு என்று விரைந்து முடிவு கட்ட வேண்டா. பாட்டியின் 'கித்தா' மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. 'பெரட்டு' ஆங்கிலப் 'பெரேட்'. 'லயன்' ஆங்கில 'லைன்'. ஆம், பேத்தி சொல்லும் அதே 'லைன்'தான். ஒருமுறை அது வீட்டு வரிசையாக வந்தது. மறுமுறை பொருள் பூட்டும் வரிசையாக வந்தது. முதல் வரவில் 'லயன்' எனவும் 'லயம்' எனவும் உருமாறி, 'லயத்து வீடு', 'லயத்துப் பிள்ளை' எனத் தமிழ்த் தொகையாயிற்று. இரண்டாம் வரவில் ஆங்கில ஒலியோடே நின்றுவிட்டது.

இதற்குக் காரணம் தமிழர் மனநிலையில் இல்லை. வேலையிடத்தில் அருகில் நிற்பவர் யார் என்பதில் இருக்கிறது. தோட்டத்தில் வெட்டுபவரும் தமிழர்; அவரை மேற்பார்க்கும் தண்டலும் தமிழர்; கணக்கெழுதும் கிராணியும் பெரும்பாலும் தமிழோ மலையாளமோ அறிந்தவர். வந்த சொல்லை உருமாற்ற ஒரு சமூகமே அங்கிருந்தது. தொழிற்சாலையில் ஒருபுறம் மலாய்க்காரர், மறுபுறம் சீனர், எதிரில் வெளிநாட்டுத் தொழிலாளர். 'லைன்' எல்லார்க்கும் பொதுவாக விளங்கியாக வேண்டும். ஆகவே ஒரு சொல் தமிழாகுமா ஆகாதா என்பதை அறிய, ஒலியியல் நூலோடு தொழிலாளர் அட்டவணையையும் திறக்க வேண்டும். இதை நாம் காலந்தாழ்ந்தே கற்றோம்.

5. ஓர் எச்சரிக்கை

தோட்ட வாழ்வைப் பொற்காலமாகப் பேசுவது இப்போது வழக்கமாகி வருகிறது. அதற்கு நாம் உடன்படவில்லை. தண்டல், பெரட்டு என்பன ஆணைக்குரிய சொற்கள். மேலாளரைக் குறிக்கத் 'துரை' என்ற சொல் இருந்தது. வெட்டுபவர் பிள்ளை அப்பெயரைப் பெறும் வழி அக்காலத் தோட்டத்தில் இல்லை. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். பேத்தியோ ஒரு தொழிற்சாலையை விட்டு மற்றொன்றுக்குச் செல்லலாம். அவர் குடியிருக்கும் வீடு அவருடையதாகவே இருக்கும். தொழில் மாற்றத்தால் அவர் பெற்றது சிறிதன்று.

எனினும் இழந்ததையும் கூற வேண்டும். தாயின் வேலையைப் பார்த்தே பிள்ளை தொழிற்சொற்களைத் தமிழில் கற்றது ஒரு காலம். பள்ளி அதற்குத் தேவைப்படவில்லை. இன்று தாயின் வேலையிலிருந்து பிள்ளைக்கு வரும் தமிழ்ச்சொல் அரிது. வேலையைப் பற்றித் தமிழில் சிந்திக்கப் பயிலும் இடமாக வகுப்பறை ஒன்றே எஞ்சியுள்ளது. ஆசிரியர்களே, நீங்கள் கேட்காமலே இப்பொறுப்பு உங்கள் தோளில் வந்து அமர்ந்திருக்கிறது.

6. செய்யத்தக்கவை

இரண்டு பணிகளை முன்வைக்கிறோம். முதலாவது, மாணவர்கள் தம் தாத்தா பாட்டியரிடம் தொழிற்சொற்களைக் கேட்டு எழுத வேண்டும். சொல்லை மட்டும் எழுதினால் நாம் செய்த பிழையே மீண்டும் நிகழும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன கூலி, உடன் உழைத்தவர் யார் என்பவற்றையும் அருகில் எழுதுக. பெரியவர் கதை சொல்லத் தொடங்கினால் குறுக்கிட வேண்டா. தம் பெயரை எழுத வேண்டா என்பாரேயானால் அதற்கு இணங்குக.

இரண்டாவது, இன்றைய பெற்றோரின் வேலையைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதச் செய்க. 'லைன்', 'ஷிப்டு' என்று வந்தால் உடனே சிவப்பு மையால் அடிக்க வேண்டா. அவ்வேலையில் என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாகத் தமிழில் விளக்கியிருக்கிறானா, விளக்கியிருக்கிறாளா என்று பார்க்க. சொல் பின்னர் வரும். விளக்கும் ஆற்றல் முதலில் வர வேண்டும்.

சந்து வந்தவர்களைக் கணக்கிட்டார். உங்கு அஜீஸ் உடைந்த தோட்டங்களைக் கணக்கிட்டார். அம்மக்கள் பேசியவற்றை அக்கணக்குகளோடு சேர்த்து எழுதியிருக்க வேண்டியவர்கள் நாம். நம் ஏட்டில் விடுபட்டதை உங்கள் மாணவர்களின் ஏடுகள் நிறைவு செய்யட்டும். அத்தகைய ஏடு ஒன்று இம்மன்றத்திற்கு வந்து சேருமாயின், இவ்வுரை பயனுடையதாயிற்று என்று கொள்வோம்.