தோணிப் பயணத்துக்கு மூட்டை கட்டுதல்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



மட்டக்களப்பு வாவியிலே மூன்று நாள் தோணிப் பயணம் செய்ய எமது சங்கத்து இளைஞர் அறுவர் எண்ணியுள்ளனர். மண்டூரிலே புறப்பட்டு, கொக்கட்டிச்சோலையிலே தங்கி, கல்லடியிலே கரையேறுவது அவர்கள் நோக்கம். போக விடலாமா என்று பெரியோர் கேட்கின்றனர். எவற்றைக் கொண்டு போவது என்று இளைஞர் கேட்கின்றனர். பின்னதற்குச் சரியான விடை கண்டால் முன்னதற்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் காலம். ஐப்பசி முதல் தை வரை மாரிமழையும் வெள்ளமும். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று. ஆகவே மாசி, பங்குனியே ஏற்ற காலம். அப்பொழுதும் விடியற்காலையிலே புறப்பட்டு, காற்று எழுமுன் கரை சேர்தல் நன்று.

அடுத்தது தண்ணீர். வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. ஆயினும் அதன் நீர் உவர் கலந்தது, குடிக்க உதவாது. வெயிலிலே துடுப்பு வலிப்பவனுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 5 லீற்றர் வேண்டும். அறுவருக்கு மூன்று நாளைக்கு 90 லீற்றர். அது 90 கிலோகிராம் பாரம்! படுவான்கரை ஊர்க் கிணறுகளிலே நாள்தோறும் நிரப்பிக்கொள்ள முன்கூட்டியே ஒழுங்கு செய்தால், ஒரு நாளைக்குரிய 30 லீற்றரும், அவசரத்துக்கு 15 லீற்றரும் போதும். கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

உணவு எளிதாயிருக்கட்டும். அரிசி, பருப்பு, வறுத்த மா, அவல், பனங்கட்டி, இடித்த சம்பல், எள்ளுருண்டை ஆகியவை கெடமாட்டா. உடை இரண்டு சோடி. ஒன்று நனைந்தாலும் இரவுக்கு ஒன்று உலர்ந்திருக்க வேண்டும். நுளம்பு வலை, ஜீவனிப் பொட்டலம், காயத்துக்கு மருந்து, மின்சூள், கயிறு, நீர் இறைக்கச் சிறு வாளி, மேலதிகத் துடுப்பு ஒன்று ஆகியனவும் வேண்டும். அவசர அம்புலன்சுக்கு 1990, அனர்த்த உதவிக்கு 117 என்னும் இலக்கங்களை எழுதிவைத்தல் நன்று. கைத்தொலைபேசி நனைந்து போகலாம்.

கட்டும் முறை இது. பாரமானவை தோணியின் நடுவே, அடியிலே இருக்க வேண்டும். பொருள்களை இரட்டைப் பொலித்தீன் பைகளிலிட்டு வாய்கட்டி, தோணியோடு பிணைக்க வேண்டும். நெருப்புப்பெட்டியும் உணவும் தண்ணீரும் மூன்று தோணிகளிலும் பிரிந்திருக்கட்டும். வாவியிலே முதலைகள் உண்டு. ஆதலால் கண்டல் அடர்ந்த கரையிலே கூடாரம் அடிக்கலாகாது. இருட்டியபின் நீரோரத்திலே பாத்திரம் கழுவலும் ஆகாது. மீனவர் வலைகளை விலகிச் செல்க. அவை அவர்கள் பிழைப்பு.

இனி, எமது பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் இவ்வாறே சென்றோம். புறப்படுமுன் "எல்லோருக்கும் நீந்தத் தெரியுமா?" என்று கேட்டோம். எல்லோரும் தலையசைத்தனர். ஒரு தம்பி வெட்கத்தினாலே தலையசைத்தான் என்பதை நாம் அறியவில்லை. உயிர்காப்பு அங்கிகள் இருந்தன. அவற்றை அழகாக மடித்து மூட்டைக்குள்ளே கட்டியிருந்தோம்! இரண்டாம் நாள், நழுவிய பையொன்றைப் பிடிக்க அத்தம்பி எழுந்து நின்றான். தோணி கவிழ்ந்தது. அவ்விடத்தில் ஆளை மறைக்கும் ஆழம், அடியிலோ சேறு. மற்றவன் நீட்டிய துடுப்பைப் பற்றியதால் அவன் பிழைத்தான். அன்றிரவு ஒருவரும் சாப்பிடவில்லை. அவன் தாயாரிடம் என்ன சொல்லியிருப்போம் என்றே எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஆகையால், இளைஞர்களே, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே ஆழமில்லாத நீரிலே ஒவ்வொருவரும் நீந்திக் காட்டுங்கள். தெரியாதவன் தெரியாது என்று சொல்லட்டும். அவனைப் பார்த்துச் சிரிப்பவனே பயணத்துக்குத் தகாதவன். அங்கி மூட்டையிலன்று, உடம்பிலே இருக்கட்டும். பெரியோர்களே, அதட்டாமற் கேளுங்கள். அப்பொழுதுதான் பிள்ளைகள் உண்மை சொல்வார்கள்.

இவ்வளவும் செய்தபின் அவர்களை மகிழ்ச்சியோடு அனுப்புவோம். எழுவான்கரையிலே சூரியன் எழுவதையும் படுவான்கரையிலே படுவதையும் நீர்நடுவே இருந்து பார்த்து, அறுவராய்ச் சென்றவர் அறுவராய்த் திரும்பி வரட்டும்.