முதுமை ஏன் வருகிறது?



எங்கள் சேத்தியாத்தோப்பில் நாள்தோறும் காலையில் வீராணம் ஏரிக்கரையில் உலாவி வருவது என் வழக்கம். ஒருநாள் சைக்கிளில் வந்த மாணவன் ஒருவன் இறங்கி நின்று, "ஐயா, மனிதனுக்கு ஏன் முதுமை வருகிறது?" என்று கேட்டான். அவனுக்கு யான் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

நம் உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. அவை ஓயாது பிரிந்து பெருகும் என்றே முன்னர் நம்பினர். 1961-இல் ஹேஃப்லிக் என்னும் விஞ்ஞானி, மனித உயிரணு ஏறக்குறைய 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுகிறது என்று காட்டினார். துண்டின் ஓர நூல்களை, பிரிந்துபோகாமல் முடிந்து வைக்கிறோம் அல்லவா? அதுபோலக் குரோமோசோமின் நுனிகளிலும் காப்புகள் உண்டு. உயிரணு பிரியுந்தோறும் அவை குறுகுகின்றன. இவற்றை ஆராய்ந்த மூவர் 2009-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

அதே ஆண்டில் வேதியியலுக்கான பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர், 1952-இல் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். உயிரணுவில் புரதத்தை ஆக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டவர் அவர். முதுமையையும் இறப்பையும் பற்றி 2024-இல் ஒரு நூல் வெளியிட்டார். மூலக்கூறுகளிலும் உயிரணுக்களிலும் பழுது சேர்ந்துகொண்டே போவதுதான் முதுமை என்று அதில் விளக்குகிறார். ஏரியில் ஆண்டுதோறும் வண்டல் படிகிறது. தூர் வாருவது அதற்கு ஈடுகொடுக்காவிடில் கொள்ளளவு குறைகிறது. உடலின் கதையும் அதுவே.

ஆனால், மனிதன் உடல் மட்டுமோ? அதே 1961-இல் கம்மிங், ஹென்றி என்னும் அறிஞர் இருவர், முதியோரும் சமூகமும் ஒருவரையொருவர் விட்டு மெல்ல விலகுவது இயல்பே என்றனர். ஹாவிகர்ஸ்ட் என்பாரோ, ஈடுபாடு குறையாதவரே மனநிறைவோடு முதிர்வர் என்று வாதித்தார்.

இவ்விரண்டையும் யான் என் வாழ்விலேயே கண்டேன். ஓய்வு பெற்ற நாளில் மாலை சூட்டினார்கள். மறுநாள் பள்ளி மணி அடிக்கும் வேளையில், போவதற்கு இடமின்றித் திண்ணையில் அமர்ந்தேன். "இனி உங்களுக்கு எதற்கு ஐயா கவலை?" என்று அன்போடு எல்லோரும் விலக்கினர். ஓராண்டில் பத்தாண்டு மூப்படைந்தேன். செய்தித்தாளைக்கூடப் புரட்ட மனமில்லை. ஒரு மாலை, அண்டை வீட்டுச் சிறுமி அல்ஜீப்ராக் கணக்கு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். அதற்காகப் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அடுத்த வாரம் நால்வர் வந்தனர். முழங்கால் வலி இன்னும் தீரவில்லை. எனினும் பொழுது விடிவதை விரும்புகிறேன்.

ஓய்வை நாடும் முதியோரும் உளர். அது அவர்கள் உரிமை. ஆயினும் அதனைத் தேர்பவர் அவராக இருத்தல் வேண்டும். நாமாக அவர்மீது சுமத்தலாகாது.

மாணவச் செல்வங்களே! உயிரணுக்களின் பழுதை நீக்கும் வழியை உங்களுள் ஒருவர் நாளை கண்டுபிடிக்கலாம். இன்றே நீங்கள் எல்லோரும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. வீட்டிலுள்ள பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ சென்று, அவர் அறிந்த ஒன்றைக் கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.