வட்டி யார் வீட்டுக்குப் போகிறது?

(பாப்பாரப்பட்டியில் இளைஞர்களும் மாணவர்களும் மகளிர் குழுத் தோழியரும் கூடிய பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடனைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் சேமிப்பு, வட்டி, கணக்கு நோட்டுன்னு பேசறது சில தோழர்களுக்குச் சப்புன்னு இருக்கும். "நிலத்துக்குப் போராட வேண்டிய நேரத்துல உண்டியலைப் பத்திப் பேச வந்துட்டாரு"ன்னு பின்னாடி ஒரு தம்பி சொல்றது காதுல விழுந்தது. கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. நிலத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பாட்டி கைநாட்டு. பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஆண்டைகிட்ட கைமாத்து வாங்கினாள். அந்தக் கடனுக்காக என் பெரிய மாமா நாலு வருசம் அவர் வீட்டு மாடு மேய்த்தார். எவ்வளவு வாங்கினோம்னு பாட்டிக்குத் தெரியும். எவ்வளவு பாக்கின்னு ஆண்டைக்கு மட்டும்தான் தெரியும். ஏன்னா நோட்டு அவர் வீட்டில் இருந்தது. கடைசிவரை என் பாட்டி அந்த நோட்டைக் கண்ணால பார்த்ததில்லை.

இது என் பாட்டியோட கதை மட்டும் இல்லை. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். கடனுக்காக மனுசன் பண்ணையோடு கட்டுப்பட்டுக் கிடப்பதையெல்லாம் பதிவு செய்தார். அதைத் தொடர்ந்து 1892-இல்தான் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. நம்ம ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் விற்க முடியாதபடி நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலம். அப்படியும் கை மாறிப் போனது. மிரட்டிப் பிடுங்கியது ஒரு பக்கம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கின கடனுக்கு ஈடாப் போனது இன்னொரு பக்கம். அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டு, 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். இப்போ சொல்லு தம்பி, கடனும் நிலமும் வேற வேறயா?

கடனைத் திருப்பிப் போட்டவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ரைஃபைசன்னு ஒரு ஊர்த்தலைவர். 1846-47 பஞ்சத்தில் பணக்காரர்களிடம் தருமம் வாங்கி ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தார். பல வருசம் அப்படி நடத்திப் பார்த்துவிட்டுத்தான், தருமத்தால் ஏழை நிமிர மாட்டான் என்ற முடிவுக்கு வந்தார். 1864-இல், கடன் வாங்குகிறவர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் சங்கத்தை ஹெட்டெஸ்டார்ஃபில் அமைத்தார். சொத்து ஜாமீன் இல்லை. ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருப்பதுதான் ஜாமீன்.

கனடாவில் டெஜார்டின்னு ஒருத்தர். நாடாளுமன்றப் பேச்சுகளைக் குறிப்பெடுக்கிற வேலை. அங்கே ஒரு உறுப்பினர் கந்துவட்டிக் கொடுமையைப் பற்றிப் பேசினதைக் குறிப்பெடுத்தவருக்குத் தூக்கம் போனது. 1900 டிசம்பர் 6-இல் லெவி என்ற ஊரில் மக்கள் கடன் சங்கத்தைத் தொடங்கினார். அவரும் மனைவி டோரிமெனும் சொந்த வீட்டில் வைத்தே கணக்குப் பார்த்தார்கள். அங்கே விழுந்த முதல் சேமிப்பு 10 சென்ட். பத்துக் காசு! அதை யாரும் கேலி பண்ணவில்லை. பத்துக் காசு போட்டவருக்கும் ஒரு ஓட்டு, நூறு டாலர் போட்டவருக்கும் ஒரு ஓட்டு.

இதுதான் முக்கியம் தோழர்களே. கம்பெனியில் பணத்துக்கு ஓட்டு. சங்கத்தில் ஆளுக்கு ஓட்டு. 'ஒரு மனிதர், ஒரு மதிப்பு' என்று அம்பேத்கர் கேட்டாரே, அதைப் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கிற வேலை இது.

இந்தியாவுக்கு இது 1904-இல் சட்டமாக வந்தது. அதற்கு முன்பே சென்னை மாகாண அரசுக்காக நிக்கல்சன் என்ற அதிகாரி ஆராய்ந்து அறிக்கை கொடுத்திருந்தார். அதே 1904-இல் திருவள்ளூர் பக்கம் திரூரில் மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் பதிவானது. 1907-இல் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபைலீன் இந்தியா வந்து நம்ம கிராமங்களில் இந்தச் சங்கங்களைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி, 1909-இல் மாசசூசெட்ஸில் கடன் சங்கச் சட்டம் வர உழைத்தார். இன்று அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேர் கடன் சங்க உறுப்பினர்கள். இந்தியக் கிராமத்தைப் பார்த்து அமெரிக்காக்காரன் கற்றுக்கொண்டான் என்று பெருமைப்படலாம். ஆனா நான் கேட்கிறது வேறு. அந்த இந்தியக் கிராமத்திலேயே சேரிக்காரன் என்ன கற்றான்? எந்த வாசல் வழியா உள்ளே போனான்?

திரூரும் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாதான். ட்ரெமென்ஹீர் அடிமைக் கடனைப் பற்றி எழுதின அதே ஜில்லா. சங்கத்தின் விதியில் சாதி இல்லை, உண்மைதான். ஆனா பயிர்க்கடன் வேணும்னா சிட்டா கொண்டா, அடங்கல் கொண்டா. நகைக்கடன் வேணும்னா நகை கொண்டா. நிலமும் நகையும் இல்லாதவனிடம் இருக்கிறது நாணயம் ஒன்றுதான். அதை எந்தக் கவுண்டரிலும் எடை போடமாட்டாங்க. 'சொசைட்டி' என்றால் ஊர்த்தெரு வீடு என்று நம்ம ஜனங்க ஒதுங்கியே நின்றார்கள்.

உள்ளே போனவர்களுக்காவது அது சொந்தமாக இருந்ததா? 1976-இல் தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களைக் கலைத்து, தனி அலுவலர்களை உட்கார வைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996-இல். இருபது வருசம்! உறுப்பினர் ஓட்டுப் போடாத சங்கத்துக்குப் பெயர் என்ன? பெயர்ப் பலகையில் கூட்டுறவு, நாற்காலியில் அதிகாரி.

இப்போ நம்ம மாவட்டத்துக்கு வருவோம். 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது இந்தத் தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போ கிருஷ்ணகிரியும் நம்மோடுதான் இருந்தது. இந்தியன் வங்கி குழுக்களுக்குக் கடன் கொடுத்தது. 1992-இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை நாடு முழுக்கச் சோதனையாகத் தொடங்கியது. 1997-க்குப் பிறகு மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாக்களில் பலர் அந்தக் காலத்தில் தீப்பெட்டியில் காசு முடிந்து வைத்துக் கூட்டத்துக்குப் போனவர்கள். புருசன்காரன் "எங்கடி போற?"ன்னு கேட்டதற்குப் பயந்து பயந்து போனவர்கள்.

குழு என்ன செய்தது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால் மாசம் 1,000 வட்டி. வருசத்தில் 12,000 கட்டியாச்சு, அசல் அப்படியே நிற்குது. தண்டலுக்கு வாங்கினால் 10,000-க்கு எழுதி வாங்கிக்கிட்டு, கையில 8,500 கொடுத்து, நூறு நாளைக்குத் தினம் நூறு வாங்குவான். இருபது பேர் மாசம் நூறு ரூபாய் போடுகிற குழுவில் வருசத்துக்கு 24,000 சேருகிறது. அதிலிருந்து ரெண்டு வட்டிக்கு ஒரு அக்கா 10,000 வாங்கினால் மாசம் 200. அந்த 200 எங்கே போகிறது? இருபது பேர் பெட்டிக்கு. அதில் அந்த அக்காவுக்கும் ஒரு பங்கு. வட்டி குறைந்தது ஒரு லாபம். வட்டி போகிற வீடு மாறியதுதான் பெரிய லாபம்.

அதனால் நான் ரெண்டே கேள்வி வைத்திருக்கிறேன். குழு, சங்கம், நிறுவனம், பேர் எதுவாக இருந்தாலும் கேளுங்க. வட்டி யார் வீட்டுக்குப் போகிறது? நோட்டு யார் கையில் இருக்கிறது?

இந்தக் கேள்விகளை இன்றைக்குத் தெருத் தெருவா வருகிற நுண்கடன் நிறுவனங்களிடம் வைத்துப் பாருங்க. அவர்களும் பத்துப் பெண்களை உட்கார வைக்கிறார்கள். "நீங்களே ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன்" என்கிறார்கள். பார்வைக்கு நம்ம குழு மாதிரியே இருக்கும். வட்டி எங்கே போகுது? முதலீடு போட்டவனுக்கு. நோட்டு எங்கே? கம்பெனிக்காரன் செல்போனில். ஒருத்தி தவணை கட்டலேன்னா மத்த ஒன்பது பேரையும் அவள் வாசலில் கொண்டுபோய் உட்கார வைப்பான். கொஞ்சம் யோசியுங்க. நம்மளைக் காலனின்னு ஒரே மூலையில் ஒதுக்கி வைத்தது சாதி. அந்த மூலையில் ஒருத்தர் வீட்டு அடுப்பு எரியலைன்னா அடுத்த வீட்டுக்குத் தெரியும். இந்தத் தெரிதல் சங்கத்தில் ஜாமீன் ஆகிறது. கம்பெனி கையில் அதே தெரிதல் சாட்டை ஆகிறது. சாட்டையைக் கொடுத்து நம்ம அக்காவை நம்ம தங்கச்சியே அடிக்க வைக்கிறான்.

ஆந்திராவில் 2010-இல் நுண்கடன் வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்து, அந்த அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் கட்டாயக் கடன் வசூலைத் தடுக்க 2025-இல் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் வேணும். ஆனா சட்டம் வசூல்காரனை வாசலில் நிறுத்தும், அவ்வளவுதான். அடுத்த மாசம் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டப் பணம் எங்கிருந்து வரும்னு சட்டம் சொல்லாது.

இன்னொன்றையும் இந்த மண்ணில் நின்று பேசாமல் இருக்க முடியாது. 2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்கு வைத்து மூணு காலனிகளைக் கொளுத்தினார்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ப் பாடுபட்டுச் சேர்த்த பீரோ, நகை, பணம், பிள்ளைகளின் சான்றிதழ். நம்ம வீட்டில் பீரோ இருப்பதே அவர்களுக்கு உறுத்தியது. சேமிப்பு என்பது நமக்கு வெறும் சிக்கனம் இல்லை, சாதிக்கு அது ஒரு சவால் என்பதை அந்தத் தீ காட்டிக்கொடுத்தது. வீட்டுக்குள் இருக்கிற பணத்தைக் கொளுத்த முடியும். இருபது பேர் சேர்ந்து, வங்கியில் கணக்கு வைத்து, ஆளாளுக்குத் தன் பாஸ்புத்தகத்தோடு வைத்திருக்கிற சேமிப்பைக் கொளுத்துவது அவ்வளவு சுலபம் இல்லை.

குறைகளையும் நாமே பேசிவிடணும். மத்தவன் பேசினால் கேலியாகிவிடும். குழுத் தலைவி வீட்டிலேயே நோட்டு இருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்தவள் ஒருத்தி, அவள் சொன்னதுதான் கணக்கு. அப்புறம் என் பாட்டிக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? சேமிப்பை மறந்து, "லோன் எப்போ வரும்?" என்பதற்காக மட்டும் கூடுகிற குழுக்கள் பெருகியிருக்கின்றன. கட்சிக் கூட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் குழுக்களும் உண்டு. அதைவிட வெட்கம், நமக்குள்ளேயே அருந்ததியர் வீட்டுப் பெண்ணைச் சேர்க்கத் தயங்குகிறோம். "அவங்க கட்ட மாட்டாங்க" என்கிறோம். ஆண்டை நம்மைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. அந்த வார்த்தை நம்ம வாயில் வந்த நாளோடு சங்கம் செத்தது.

இந்த ஊருக்கு சுப்பிரமணிய சிவா வந்து தங்கினார். 1925 ஜூலை 23-இல் இங்கேயே இறந்தார். தொழுநோய் வந்தவர் என்று வெள்ளைக்காரன் ரயிலில் ஏறவிடவில்லை. நடந்தே ஊர் ஊராகப் போனார். கொடுமைதான். அவருக்கு நோய் வந்த பிறகு நடந்தது நமக்குப் பிறந்த நாளிலிருந்து நடக்கிறது. ஏறவிடாதவர்களிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கலாம். ஏற உரிமை இருக்குன்னு போராடலாம். போராடத்தான் வேணும். பஞ்சமி நிலம், கூலி, பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்ட நிதி, கூட்டுறவு வங்கியில் சமமான கடன், எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. "நீங்களே சேமிச்சு நீங்களே முன்னேறுங்க"ன்னு அரசு கை கழுவப் பார்த்தால் விடக்கூடாது. அதே நேரத்தில், போராட்டத்துக்குப் போன கூலிக்காரனுக்கு மறுநாள் ஊர்த்தெருவில் வேலை இல்லை, கைமாத்து இல்லை என்று சொல்வார்களே, அந்த ஒரு வாரத்தைத் தாங்க நமக்கென்று ஒரு பெட்டி வேண்டாமா? பெட்டி இல்லாத போராட்டத்தைப் பசியால் முறித்துவிடுகிறான்.

மாணவத் தம்பி தங்கச்சிகளே, உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்க தெருக் குழு கூடும்போது போய் உட்காருங்க. தலைவர் ஆகாதீங்க. கணக்கையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீங்க. நோட்டைத் திறந்து, ஒவ்வொரு அம்மாவும் தன் பெயருக்கு நேரே இருக்கிற எண்ணைத் தானே படிக்கிற வரைக்கும் சொல்லிக் கொடுங்க. கூட்டத்தில் கணக்கை உரக்க வாசிக்கச் சொல்லுங்க. எழுதுகிற கை வருசா வருசம் மாறட்டும். கடன் யாருக்கு என்று கூட்டம் தீர்மானிக்கட்டும். முதல் கடன் இருப்பதிலேயே இல்லாத வீட்டுக்குப் போகட்டும்.

என் பாட்டி பார்க்காமலே செத்துப்போன நோட்டு அது. உங்க அம்மா அதைத் தன் கையால் திறந்து, விரல் வைத்து, தன் கணக்கைத் தானே படிக்கட்டும்.

ஜெய்பீம்.