குருத்தோலையும் ஓட்டும்



2022 ஏப்ரல் 10 குருத்து ஞாயிறு. காரைக்கால் தேற்றரவு அன்னை ஆலயத்தில் காலைப் பூசை முடிந்தது. என் தெருப் பெரியவர், ஓய்வுபெற்ற சொல்தா (பிரெஞ்சுப் படைச் சிப்பாய்), மந்திரித்த குருத்தோலையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போடக் கிளம்பினார். கூட வந்த அக்கா மகன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு இருப்பது இந்திய ஓட்டு. ஒரே பிரசங்கத்தைக் கேட்ட இருவருக்கும் பட்டியல் வேறு, நாடு வேறு.

பூசைக்குப் போகிறவர் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்று பிரான்சில் அலசி ஆராய்ந்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் மிஷ்லா, சிமோன் இருவரும் 1977-இல் எழுதிய நூலின் முடிவு இது: வாரந்தவறாமல் பூசை காண்பவர் பெரும்பாலும் வலதுசாரி, சமயத்தை விட்டு விலகியவர் இடப்பக்கம். அந்த முழக்கோலை இங்கே கொண்டுவந்தால் நம் ஊர் அதில் அடங்காது. இங்கே ஓட்டைப் பிரித்தது பூசை அல்ல, ஒரு கையெழுத்து.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, சாதி வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பதாகக் கையெழுத்திட்டவர்கள் ரெனோன்சான்கள் ஆனார்கள். அதற்கு முன்னின்றவர் புதுச்சேரிக் கத்தோலிக்கரான பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-இல் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றம் போனார் என்று தடுக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்காடி வென்றவர். பிற்பாடு லாபோர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். 1884-இல் வாக்காளர் பட்டியல் மூன்றாயிற்று: ஐரோப்பியர், ரெனோன்சான்கள், மற்ற இந்தியர். கையெழுத்திட்ட கத்தோலிக்கர் இரண்டாம் பட்டியலில். இடாதவர் இந்துக்களோடும் முஸ்லிம்களோடும் மூன்றாவதில். ஒரே பீடத்தில் நன்மை வாங்கியவர்கள் ஓட்டில் எதிரெதிர்த் தரப்பு.

இன்று பங்குச் சாமியார் 'மனச்சாட்சிப்படி போடுங்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி முறைகேடு; 2017-இல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது. ஆனாலும் பூசை முடிகிற நேரம் பார்த்து வாசலில் வேட்பாளர் கைகூப்பி நிற்பார். 'சாக்கடையை எப்பய்யா அள்ளுவீங்க?' என்றுதான் சனம் அவரைக் கேட்கும். விசுவாசத்தைப் பற்றி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பெரிய வியாழனன்று ஓட்டு வேண்டாம் என்று 2019-இல் வழக்குப் போட்டும் தேதி மாறவில்லை. ஏப்ரல் 18 அன்று ஓட்டும் போட்டோம், மாலையில் பாதம் கழுவும் சடங்குக்கும் போனோம்.

விசுவாசம் தேர்தலைத் தொடுகிற இடம் ஒன்று உண்டு, நம் மாவட்டத்திலேயே. ஐந்து தொகுதிகளில் நெடுங்காடு பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்கிறது சட்டம். ஆகவே அங்குள்ள தலித் கத்தோலிக்கர் ஞாயிறு பூசைக்குப் போகலாம், தேர்தலன்று வரிசையில் நின்று ஓட்டுப் போடலாம். அந்தத் தொகுதியில் வேட்புமனு மட்டும் போட முடியாது.