இருபது பேர் கணக்கு

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் கொழும்புக்குத் திரும்பிவிட்டார்கள். இப்போது லயத்துக்கு லயம் ஒரே பேச்சுத்தான்: "அங்கே மாதச் சம்பளம், இங்கே நாட்சம்பளம். இங்கே இருந்து என்ன செய்வது?" பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்காமல் நாம் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

2024 செப்டெம்பரில் நமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. 2025 ஏப்ரலில் தனியார் துறையில் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாவானது. இதை 25 நாளுக்குப் பிரித்தால் 1,080 வரும். "உங்களுக்கு அதைவிடக் கூடத்தானே கிடைக்கிறது" என்று நம்மிடம் சொல்வார்கள்.

ஆனால் அதே 27,000ஐ 1,350ஆல் பிரித்துப் பாருங்கள். 20 வரும். 2025இல் மாதம் 20 முழுப் பேர் விழுந்தால்தான் நாட்டின் ஆகக் குறைந்த சம்பளத்தையே நாம் தொட்டோம். 12 பேர் விழுந்த மாதத்தில் அன்று 16,200 ரூபாதான் வந்தது. கிலோ குறைந்தது என்று அரைப் பேர் போட்டால் அதுவும் இல்லை.

நாட்சம்பளம் எல்லா மாவட்டத்துக்கும் ஒன்று. விழுகிற பேர் ஒன்றல்ல. ஊவாவில் வரட்சி வந்தால் கொழுந்து குறையும். களுத்துறை, கேகாலையில் மழை பெய்தால் இறப்பர் பால் வெட்ட முடியாது. கண்டி, மாத்தளைப் பக்கம் பல மலைகள் காடாகிக் கிடக்கின்றன. கொழுந்தில்லாத மலையில் பேர் எப்படி விழும்? ஆகவே சம்பளத்தை எவ்வளவு கூட்டினாலும், எத்தனை நாள் வேலை என்று எழுதப்படாவிட்டால் அது பாதிச் சம்பளம்தான். வேலை நாளையும் சேர்த்துக் கேட்பதே நமது கோரிக்கை.

இனி கொழும்பைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, கடையில் நிற்கும் பிள்ளைக்கு மாதம் 45,000 என்று வைப்போம். அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு போக மிச்சம்தான் வீட்டுக்கு வரும். இது பிள்ளைக்கும் தெரியும். தெரியாமல் போகிற காசு ஒன்று இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். 45,000க்கு அது மாதம் 6,750 ரூபா, வருடத்துக்கு 81,000 ரூபா. பெயர் பதியாத கடையில் இந்தக் காசு பிள்ளைக்குப் போய்ச் சேராது. கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி வேலை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். காலையில் கடை திறந்து இரவு பூட்டும்வரை நிற்கிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது?

போகிற பிள்ளையை நாம் தடுக்கவில்லை. வெறுங்கையோடு போகாதே என்றுதான் சொல்கிறோம். நியமனக் கடிதம் கேட்டு வாங்கட்டும். சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வைக்கட்டும். தர மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். கடிதம் எழுத நாம் துணை நிற்போம்.

தோட்டத்தில் இருக்கும் நாமும் ஒன்று செய்வோம். ஆளுக்கு ஒரு கொப்பி வைப்போம். எந்த நாள், எந்த மலை, எத்தனை கிலோ, முழுப் பேரா அரைப் பேரா என்று அன்றன்றே எழுதுவோம். எழுத முடியாத அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். சம்பளத் துண்டு கிடைத்ததும் இரண்டையும் ஒத்துப் பார்ப்போம்.

"எங்களுக்கு வேலை நாள் போதவில்லை" என்று வெறும் வாயால் சொன்னால் கேட்க ஆளில்லை. நூறு கொப்பியை மேசையில் வைத்துச் சொன்னால் கேட்டே ஆக வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொப்பியோடு வாருங்கள்.